கரையில் நடக்க ஓர் ஆள்

ஜூலை மாதம், நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளம். இரவெல்லாம் கொட்டிய மழை விடியலில் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு மண் கரை. அதன் பின்னால் செந்நிறத் தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே ததும்பி நிற்கிறது. யூரியா சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் கரைமேல் வருகிறார். கையில் தடி, இடுப்பில் உப்புப் பொட்டலம். உப்பு, அட்டைக்கு. உபரிநீர் வழியும் கலிங்கில் சிக்கிய மூங்கில் தூரை இழுத்துப் போடுகிறார். பிறகு கரையின் அடிவாரத்துக்கு இறங்கி, புல்லுக்கு நடுவே ஊறி வரும் கசிவைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வானத்துக்கு நேரே உயர்த்திப் பார்க்கிறார். தெளிவாக இருந்தால் டீ குடிக்கப் போகலாம். கலங்கியிருந்தால் கீழேயுள்ள பழங்குடிப் பாடிக்கும் காலனிக்கும் உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

இந்தக் காட்சியில் கரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அட்டை இருக்கிறது. பல இடங்களில் இல்லாதவர் அந்த மனிதர்தான். சிறு மண் அணைகளைப் பற்றி நாம் பேச வேண்டியது அவரைப் பற்றித்தான்.

மூன்று ஆறுகளுக்கு ஒரே மழை

அணை என்றதும் மேட்டூரும் பவானிசாகரும் நினைவுக்கு வரும். நீலகிரிக்காரர்களுக்கு முக்குருத்தி, பைக்காரா, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மின்வாரிய அணைகள் வரிசையாக வரும். அவற்றுக்குப் பொறியாளர்கள் உண்டு. நீர்மட்டப் பதிவேடு உண்டு. தண்ணீர் திறந்தால் செய்தித்தாளில் ஒரு பத்தியாவது உண்டு. நாற்று மேடைக்கும் மருந்தடிக்கும் தண்ணீர் வேண்டித் தோட்டங்கள் போட்ட கட்டுகள், குடிநீருக்காக ஓடையை மறித்த கரைகள், காட்டு விலங்குகளின் தாகத்துக்கென வெட்டிய குட்டைகள், ஊராட்சிகளின் தடுப்பணைகள் ஆகியவை இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிகள். இவற்றின் உயரத்தை ஒரு தென்னை மரத்தை வைத்தே அளந்துவிடலாம்.

மண்ணால் கட்டியது என்பதாலேயே ஒரு கரை மட்டமானதாகிவிடாது. கூடலூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பெய்யும் மழை மாயாற்றில் இறங்கிக் கடைசியில் போய்ச் சேரும் பவானிசாகர் அணையின் 8 கிலோமீட்டருக்கும் அதிகமான கரை பெரும்பாலும் மண்தான். ஊட்டி ஏரியும் ஒரு மண் கரையின் பிள்ளையே. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கிய அந்த ஏரி பின்னாளில் கரையை மீறி வடிந்துபோன கதையும் ஊட்டி வரலாற்றில் இருக்கிறது. சரியான களிமண்ணைச் சரியான ஈரத்தில் இறுக்கிப் போட்ட கரை நூற்றாண்டுகள் நிற்கும். ஆனால் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: கவனிப்பு நின்ற அன்றே அது பழையபடி மண்ணாகத் தொடங்கிவிடும்.

கூடலூரின் இருப்பிடம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி மழைக்கு அஞ்சுகிற ஊர்கள். கூடலூரும் பந்தலூரும் அஞ்சுவது ஆடி மழைக்கு. அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் நிலம்பூர்ச் சரிவில் ஏறி முதலில் முட்டுவது இங்கேதான். தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்று சொல்வது வெறும் பெருமைப் பேச்சில்லை. இங்கே விழும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு மாயாற்றில் சேர்ந்து பவானிக்கும், ஒரு பங்கு பாண்டியாறு, புன்னம்புழை வழியே கேரளத்தின் சாலியாற்றுக்கும், மற்றொரு பங்கு வடக்கே கபினிக்கும் போகிறது. எந்தக் கரை எங்கே உடைந்தாலும் அடிபடப்போகும் ஊர் வேறு தாலுகாவில் இருக்கலாம், வேறு மாநிலத்திலும் இருக்கலாம்.

சிறிய அணை எவ்வளவு தாங்கும்?

மலையில் வெள்ளம் என்றாலே, ஓடைக்கு ஓடை சிறு அணை கட்டினால் தீர்ந்தது என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று ஏக்கர் நீர்ப்பரப்பும் சராசரியாக 3 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு தோட்டத்து அணையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறக்குறைய 36,000 கன மீட்டர், அதாவது 3.6 கோடி லிட்டர். அதற்குத் தண்ணீர் தரும் சரிவு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் ஒரே நாளில் 20 செ.மீ. மழை பெய்யும்போது 20 கோடி லிட்டர் விழுகிறது. ஏற்கெனவே ஊறிப்போன நிலத்தில் அதில் பத்துக்கு ஆறு பங்கு ஓடிவரும் என்று கொண்டாலும் 12 கோடி லிட்டர். அணை முற்றிலும் காலியாக இருந்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்காது.

ஜூலை மாதத்தில் எந்த அணையும் காலியாக இருப்பதும் இல்லை. மே மாதத்தில் தரை தெரியும் அளவு வற்றிக் கிடப்பது ஜூன் மழையில் நிரம்பிவிடும். நிரம்பியதைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆபத்து அதற்கு அப்புறம்தான். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டு முதல் வாரத்திலோ இரண்டாவது சுற்று மழை வரும்போது, நிரம்பிய அணையிடம் வெள்ளத்துக்குக் கொடுக்க இடமே இருக்காது. வருவதை அப்படியே கலிங்கு வழியாகக் கீழே தள்ளும். குடிநீருக்கு நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரே பாத்திரத்திடம் இரண்டையும் கேட்கிறோம்.

அப்படியானால் சிறு அணையால் பயனே இல்லையா? உண்டு. மொத்த வெள்ளத்தை அது குறைக்காது. வெள்ளத்தின் உச்சத்தைக் கொஞ்சம் மழுக்கும். இரண்டு மணி நேரத்தில் பாய்ந்துவர வேண்டிய தண்ணீரை நான்கு மணி நேரத்துக்குப் பரப்பிவிட்டால் கீழேயுள்ள பாலம் தப்பிக்கும். தாழ்வான வீட்டுக்காரர் ஆடு மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேடேற நேரம் கிடைக்கும். ஓடையோடு வரும் மண்ணையும் மரத்தையும் அது மறித்து நிறுத்தும். இவ்வளவும் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. ஒன்று, இரண்டு மழைச் சுற்றுகளுக்கு நடுவே மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கிவைக்க யாராவது இருக்க வேண்டும். இன்னொன்று, கரை உடையாமல் இருக்க வேண்டும். உடைந்தால் அந்த 3.6 கோடி லிட்டர், மழை தந்த வெள்ளத்தோடு சேர்ந்து, சில நிமிடங்களில் ஒரே சுவராக இறங்கும். அணையே இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய வெள்ளத்தைவிட அது மோசமானது.

ஒரே மழைக்காலத்தின் மூன்று பாடங்கள்

2019ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நாற்பது நாளுக்குள் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 2ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறு பாசன மண் அணை உடைந்தது. கட்டி முடித்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. உறக்கத்தில் இருந்த கீழ்க்கரைக் குடியிருப்பு அடித்துச் செல்லப்பட்டு, சுமார் இருபது பேர் மாண்டார்கள். கரையில் கசிவு இருப்பதை முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் ஊர்மக்கள். மாநில அமைச்சர் ஒருவரோ, நண்டுகள் வளை தோண்டியதால்தான் கரை உடைந்தது என்று சொல்லி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானார். வயல்வரப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும், நண்டு வளை தோண்டத்தான் செய்யும். வளையைப் பார்த்து அடைக்க ஆள் இல்லாமல் போனதற்கு நண்டு பொறுப்பாகாது.

ஆகஸ்டு 1ஆம் தேதி, இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு மேலே, 1830களில் கட்டிய டாட்புரூக் மண் அணையின் கலிங்கு பெயர்ந்தது. கான்கிரீட் பலகைகள் உடைந்து விழுந்து, அடியிலிருந்த மண் அரிக்கத் தொடங்கியது. சுமார் 1,500 பேரை உடனே ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ராணுவ ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டியது. ராட்சத பம்புகள் நீர்மட்டத்தை இறக்கின. ஒருவரும் சாகவில்லை. கலிங்கின் வடிவமைப்பிலேயே குறை, பராமரிப்பும் விட்டுவிட்டு நடந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. பணக்கார நாட்டிலும் பராமரிப்பு தவறும். ஆனால் எந்த அணை, யார் பொறுப்பு, கீழே யார் இருக்கிறார்கள் என்பது அங்கே ஏட்டில் இருந்தது. அந்த ஏடுதான் உயிர்களைக் காத்தது.

ஆகஸ்டு 8ஆம் தேதி, நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. அதே நாளில் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புத்துமலையிலும் கவளப்பாறையிலும் மலை சரிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில், அதே கேரளப் பக்கத்தில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதையுண்டன. பந்தலூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லிவிடலாம். சாலியாற்றில் உடல்கள் நிலம்பூர்வரை மிதந்து வந்ததை இந்தப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. பழைய மழைக்கணக்கை வைத்துக் கட்டிய கலிங்கு எதுவும் இனி நம்பத்தக்கது இல்லை என்பதே இந்த ஆண்டுகள் சொல்லும் செய்தி.

மண் அணை உடைந்த சம்பவங்களை உலகெங்கும் தொகுத்து ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணங்களைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய பாதி, தண்ணீர் கரைக்கு மேலே வழிந்ததால். கலிங்கு அடைத்துக்கொண்டாலோ போதாமல் போனாலோ நீர் கரைமேல் ஏறும். பின்சரிவில் முதலில் புல் படுக்கும், பிறகு பெயரும், அப்புறம் மண் கட்டி கட்டியாக விழும். மற்றப் பாதியில் பெரும்பகுதி, கரைக்கு உள்ளே நடக்கும் அரிப்பால். பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற துளை, எலி வளை, மதகுக் குழாயை ஒட்டிய இடுக்கு என்று ஏதோ ஒரு வழியில் நீர் ஊடுருவி, மணல்மணலாக மண்ணை வெளியே சுமந்து வரும். கசிவு தெளிந்து வந்தால் மண் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். கலங்கி வந்தால் கரை வெளியே வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலை கலங்கிய கசிவைக் கண்டார்கள். 90 மீட்டருக்கும் உயர்ந்த அந்த அணை நண்பகலுக்குள் உடைந்தது. அப்படியானால் ஒரு தோட்டத்துக் கரை எவ்வளவு நேரம் தரும்?

இலங்கையிலிருந்து வந்து கூடலூரில் வேரூன்றிய குடும்பங்களின் முதியவர்களுக்குக் கந்தளாய் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1986 ஏப்ரல் 20 பின்னிரவில் திருகோணமலை மாவட்டத்தின் அந்தப் பழம்பெரும் குளத்துக் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாறு அணை 1977இல் வெள்ளம் கரைமேல் வழிந்து உடைந்தது. ஆற்றுப்படுகைக்கு மேலே அதன் உயரம் 11 மீட்டர் சொச்சம்தான். வெள்ளம் வந்தபோது ஷட்டர்களைத் திறக்க ஊழியர்கள் ஓடினார்கள். மின்சாரம் நின்றுபோனது, மாற்று ஜெனரேட்டரும் உதவவில்லை, கையால் சுழற்றியும் முழுதாக ஏற்ற முடியவில்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள், கருவி கைவிட்டது. கரண்ட் முதலில் போவது மழையில்தான் என்பதைக் கூடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயரத்தை அளக்கும் சட்டம்

2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். ஆய்வு, பதிவேடு, அவசரகாலச் செயல்திட்டம் என்று அது கேட்பவை எல்லாம் தேவையானவையே. ஆனால் அது கணக்கில் எடுத்துக்கொள்வது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளை. 10 முதல் 15 மீட்டர்வரை என்றால், கரை 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். நாம் மேலே கணக்குப் போட்ட தோட்டத்து அணையைப்போல இருபத்தேழு அணைகளைச் சேர்த்தாலும் அந்த 10 லட்சத்தைத் தொடாது.

பிரிட்டனின் சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. 1925இல் வேல்ஸ் மலைநாட்டில் டால்காரக் என்ற ஊருக்கு மேலே ஓர் அணை உடைந்து, அந்த வெள்ளம் கீழேயிருந்த இரண்டாவது அணையையும் உடைத்து, 16 பேர் மாண்டனர். ஐந்தே ஆண்டில் நாடாளுமன்றம் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எல்லை 25,000 கன மீட்டர். அணையின் உயரத்தைக் கேட்பதில்லை, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்கிறார்கள். வேல்ஸ் பின்னர் அதையும் 10,000 ஆக இறக்கிவிட்டது. நம் தோட்டத்து அணை அங்கே இருந்திருந்தால் சட்டத்துக்குள் வந்திருக்கும், பொறியாளர் வந்து பார்த்திருப்பார். கூடலூரில் இருப்பதால் அது யார் கணக்கிலும் இல்லை.

மலையில் உயரத்தை வைத்து ஆபத்தை அளப்பது இன்னொரு வகையிலும் பிழை. சமவெளியில் ஏரி உடைந்தால் தண்ணீர் பரவும். பரவப் பரவ வேகம் குறையும். மலைப்பள்ளத்தில் பரவ இடமில்லை. எட்டு மீட்டர்க் கரையின் தண்ணீர்கூடக் குறுகிய ஓடையில் இறங்கும்போது பாறையையும் சில்வர் ஓக் மரத்தையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும்.

யாருடைய கரை?

இனி கூடலூருக்கே உரிய முடிச்சு. இந்த நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை. 1969இல் தமிழ்நாடு அரசு ஜென்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 17ஆம் பிரிவில் அடங்கும் குத்தகை நிலங்களின் வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நீள்கிறது. பிரிவு 17 என்று சொன்னால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பட்டா இல்லை, அதனால் கடன் இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை என்று மக்கள் சொல்லி மாளாத குறைகள். அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நிலம் யாருடையது என்று தெரியாத இடத்தில் கரைக்கும் சொந்தக்காரர் இல்லை. குத்தகை முடிந்த தோட்டம் செலவு செய்யத் தயங்கும். வழக்கு நிலத்தில் வருவாய்த்துறை கை வைக்காது. வனமாக அறிவித்த இடத்தில் மண் வெட்ட முடியாது. கரை மட்டும் மழைக்கு மழை தேய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு. மண் கரையில் மரம் வளரவிடக் கூடாது. காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையைப் பெயர்க்கும், பட்டுப்போனால் வேர்த்துளை நீர்ப்பாதையாகும். முளைத்த முதல் ஆண்டில் அரிவாளால் முடிகிற வேலை இது. பத்தாண்டு விட்டுவிட்டால் மரத்தை வெட்ட 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் சட்டம், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று அனுமதிக்கு அலைய வேண்டும். கரையைச் சீர்செய்ய ஜேசிபி கொண்டுவர ஆட்சியர் அனுமதி வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். அவை இல்லாதிருந்தால் இந்த மலை எப்போதோ மொட்டையாகியிருக்கும். ஆனால் பாதுகாப்புக்காக ஒரு கரையைத் தொடுவதற்கும் ஒரு ரிசார்ட்டுக்காக மலையைக் குடைவதற்கும் ஒரே வரிசையில் நிற்கச் சொன்னால், தொடாமல் விட்டுவிடுவதே எல்லோருக்கும் எளிதாகிப்போகும்.

மனிதர் நடக்காத கரையில் விலங்குகள் நடக்கின்றன. யானை ஒரே தடத்தில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். நாலு மாதத்தில் கரைமுகட்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மழைநீர் முதலில் வழியப்போவது அந்த இடத்தில்தான். காட்டுப்பன்றி கிழங்குக்கும் புழுவுக்கும் பின்சரிவைக் கிளறிப் போடும். தினமும் நடப்பவருக்கு இவை இரண்டு கூடை மண் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து எட்டிப் பார்ப்பவருக்கு இவை கண்ணிலேயே படாது.

அணைக்கு முன்பே இருந்த அணை

கூடலூரின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். புத்தூர்வயல், புறமணவயல், இருவயல், அய்யன்கொல்லி, பாடந்தொரை. வயல் என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே நீர் நின்று நெல் விளைந்த சதுப்பு. கொல்லி, மலையிடுக்கின் நீரோட்டம். தொரெ என்றால் கன்னடத்தில் ஓடை. நீரைக் குறிக்காத ஊர்ப்பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரப்பு கட்டிய ஒவ்வொரு வயலும் ஒரு முழ ஆழத் தற்காலிக அணை. நூறு வயல் சேர்ந்தால் ஒரு பெரிய நீர்த்தேக்கம். உடைந்தாலும் ஒரு முழம்தான் உடையும். ஐப்பசியில் புத்தூர்வயலில் புதுக்கதிர் அறுத்துப் பூப்புத்தரி கொண்டாடும் பணியர் பழங்குடியினரும் செட்டிமார்களும் இந்த வெள்ளத்தடுப்பு அமைப்பின் பழைய பொறியாளர்கள்.

அந்த வயல்கள் வாழைக்கும் இஞ்சிக்கும் பாக்குக்கும் மாறின. நீர் நிற்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கக் கூடாத பயிர் வந்ததும் வடிகால் வெட்டினார்கள். வடிகால் வெட்டியதும் தண்ணீர் வேகமெடுத்தது. அடுத்து வீடுகள் வந்தன. இன்று கனமழை என்றால் தொரப்பள்ளி அருகே இருவயலிலும், முதுமலையை ஒட்டிய புறமணவயலிலும் வெள்ளம் சூழ்ந்து பழங்குடி மக்களை முகாமுக்கு அழைத்துப் போவது ஆண்டுச் சடங்கைப்போல் ஆகிவிட்டது. மேட்டு நிலம் கை மாறக் கை மாற, தாழ்வில் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். மேலே எந்தக் கரை உடைந்தாலும் முதல் அடி அவர்கள் மீது விழும்.

எனவே, புதிதாக அணை கட்டப் பணம் இருந்தால் அதில் ஒரு பங்கை, எஞ்சிய வயலை வயலாகவே வைத்திருக்கும் உழவருக்குக் கொடுக்கலாம். நெல் விளைவதற்கு ஒரு விலை, வெள்ளம் தாங்குவதற்கு ஒரு விலை என்று இரண்டையும் அவர் பெறட்டும். சதுப்பை மறித்து இன்னொரு கட்டு போடுவது, இருக்கிற அணையை இடித்து இல்லாத அணையைத் தேடுகிற வேலை.

செய்யக்கூடியவை

வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்கிறது பழமொழி. போட்ட அணையை யார் பார்ப்பது என்று அது சொல்லவில்லை. முன்னோர் அதற்கு வழி வைத்திருந்தார்கள். சமவெளி ஏரிகளுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். ஊர் அவருக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தது. கரையை உயர்த்தக் குடிமராமத்து இருந்தது. மலைநாட்டுத் தோட்டக் கரைகளுக்கு அந்த மரபு வாய்க்கவில்லை. துரைமார் காலத்தில் வாட்சர் இருந்தார். ஆட்குறைப்பில் முதலில் போனதும் அவரே.

முதல் வேலை, பட்டியல். நீலகிரியில் மழைக்கால அபாயப் பகுதிகள் என்று 283 இடங்களை மாவட்ட நிர்வாகம் ஏற்கெனவே அடையாளம் கண்டிருக்கிறது. அதோடு கரைகளின் பட்டியலும் சேர வேண்டும். உயரம் எவ்வளவு என்பது அங்கே இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, கரை உடைந்தால் தண்ணீர் போகும் வழியில் வீடு இருக்கிறதா என்பது. 10,000 கன மீட்டருக்கு மேல் நீர் நிற்கிற, கீழே ஒரு குடியிருப்பாவது இருக்கிற ஒவ்வொரு மண் கரையும் அதில் ஏற வேண்டும். தோட்ட நிறுவனம், அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, வனத்துறை, நகராட்சி, ஊராட்சி என எவர் பொறுப்பாயினும் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். நிலம் வழக்கில் இருந்தால், தீர்ப்பு வரும்வரை கோட்டாட்சியர் பெயர் இருக்கட்டும். வழக்கு நடக்கட்டும், கரை காத்திருக்காது.

இரண்டாவது, மே மாத வேலை. கலிங்கைத் துப்புரவு செய்வது, மதகுத் திருகுக்கு எண்ணெய் போட்டு ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது, கரைப்புல்லை அறுப்பது, பள்ளம் விழுந்த முகட்டை மட்டமாக்குவது. இந்த நான்குக்கு மட்டும் விண்ணப்பமின்றிப் பொது அனுமதி தரலாம். கீழே வீடுகள் உள்ள கரையில் கலிங்கு போதாது என்று பொறியாளர் சொன்னால், கரையை உயர்த்துவதைவிடக் கலிங்கை அகலப்படுத்துவதும் நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும் நல்லது. யாருக்கும் பயன்படாத கரையானால் முறையாக வெட்டி ஓடையை ஓடவிடுவதே மேல்.

மூன்றாவது, மதகு. முதல் சுற்று மழை நின்றதும் நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்கி இரண்டாவது சுற்றுக்கு இடம் வைப்பது எழுதிவைத்த விதியாக வேண்டும். நிறைந்த அணையைத் திறந்துவிட யாருக்கும் மனசு வராது. மாசியில் குடத்தோடு அலைந்த நினைவு எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் செப்டம்பர் மழை கூடலூரை ஏமாற்றுவது அபூர்வம். ஆடியில் காலி செய்ததைப் புரட்டாசி நிரப்பித் தந்துவிடும்.

நான்காவதுதான் அந்த ஆள். அவரைக் கீழேயுள்ள காலனியிலிருந்தே எடுக்க வேண்டும். கலங்கிய கசிவைக் கண்டதும் அவர் கால் தன் பிள்ளைகள் தூங்கும் வீட்டை நோக்கித்தான் ஓடும். அதைவிட வேகமான அலாரம் கிடையாது. செல்போனுக்கு டவர் கிடைக்காத பள்ளங்கள் இங்கே ஏராளம் என்பதால் கையில் ஒரு விசிலோ, கரையில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டோ போதும். அது ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஏறுவது என்பதை ஜூன் மாதத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் போதாது. பணியர் பேச்சிலும் இருக்க வேண்டும்.

செலவைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொல்வது நடுப்பக்கக் கட்டுரையாளர்களுக்கு எளிது. அதனால் கணக்கையும் வைக்கிறேன். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை 122 நாள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். ஒரு கரைக்கு ஓர் ஆள் என்றால் மழைக்காலம் முழுமைக்கும் 40,992 ரூபாய். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று வைத்தால் 81,984. அதற்கு மேல் ஒரு டார்ச், ஒரு ரெயின்கோட், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கண்ணாடித் தம்ளர்.

நோட்டில் அவர் தினமும் எழுத வேண்டியது மூன்றே வரி: தண்ணீர் கரைக்கு எத்தனை முழம் கீழே? கலிங்கு அடைத்திருக்கிறதா? கசிவு தெளிந்து வந்ததா, கலங்கி வந்ததா? அடுத்த ஜூன் முதல் தேதியன்று அந்த நோட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.